கல்லும் அரிசியும்

2018 செப்டம்பரில், குறிஞ்சி பூத்திருந்த சமயம், நானும் என் மனைவியும் பெருமாள்மலையில் உள்ள போதி ஜென்டோவில் எட்டு நாட்கள் தங்கியிருந்தோம். பிறகு இரண்டு நாட்கள் கொடைக்கானலில். இந்தப் பத்து நாட்களைப் பற்றி எழுத இத்தனை காலம் தயங்கியதற்குக் காரணம் உண்டு. ஜென் பற்றித் தமிழில் எழுதப்படுவதில் பெரும்பகுதி, எழுதுகிறவனின் மௌனத்தைப் பற்றிய உரத்த பேச்சு. நானும் அப்படி ஒன்று எழுதியவன். 1998இல் முதல் தடவை தனியாக அங்கே போய்வந்து ஒரு சிறுபத்திரிகையில் எழுதிய கட்டுரையை நண்பர்கள் சிலர் இன்றும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு பொய் இருந்தது. பொய் என்பதைவிட, அதில் ஓர் ஆள் விடுபட்டிருந்தாள் என்பதுதான் சரி. இது அதற்கான திருத்தம்.

நம்மிடம் ஜப்பான் வந்த வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். 1916இல் பாரதி சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதினார். 1930களில் ஏ. கே. செட்டியார் டோக்கியோவில் புகைப்படக்கலை படித்தார். தி. ஜானகிராமன் ஜப்பான் போய்வந்து 'உதய சூரியன்' எழுதினார். எழுபதுகளில் சிறுபத்திரிகைகள் ஆங்கிலம் வழியாக ஹைக்கூவைக் கொண்டுவந்தன. 1984இல் அமுதபாரதியின் 'புள்ளிப் பூக்கள்', அறிவுமதியின் 'புல்லின் நுனியில் பனித்துளி' என்று தமிழிலேயே ஹைக்கூத் தொகுதிகள் வந்துவிட்டன. என் தலைமுறை அதிலிருந்து எடுத்துக்கொண்டது ஒரே ஒரு பாடம்: குறைப்பது. சொல்லைக் குறை, உவமையைக் குறை, உணர்ச்சியைக் குறை. காலியாக விட்ட இடம் பேசும். அந்தப் பாடம் தவறென்று இப்போதும் நான் நினைக்கவில்லை. அப்போது மதுரையில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிறு மாலைகளில் எட்டுப் பேர் பத்துப் பேர் கூடி, காலி இடத்தைப் பற்றி இரவு பத்து மணி வரை பேசுவோம். கீழிருந்து இரண்டு தடவை காப்பி வரும். எட்டரைக்கு இட்லி வரும். எத்தனை பேர் வந்திருக்கிறோம் என்று யாரும் கீழே போய்ச் சொன்னதாக ஞாபகம் இல்லை. எண்ணிக்கை எப்படியோ சரியாக இருக்கும். மாடிப்படியில் கழற்றிப் போட்ட செருப்புகளை எண்ணித்தான் மாவு ஊற்றுவாள் என்று எனக்கு மிகவும் பின்னால்தான் தெரிந்தது.

அவளுக்குக் காரைக்குடிப் பக்கம். எங்கள் கல்யாணம் 1980இல். அதற்குப் பிறகு பழனி மலைகளில் குறிஞ்சி நான்கு முறை பூத்திருக்கிறது: 1982, 1994, 2006, 2018. மூன்று முறை நான் நண்பர்களோடு போய்ப் பார்த்தேன். சேர்ந்து போனது நான்காவது முறைதான். குறிஞ்சித் திணையின் உரிப்பொருள் புணர்தல் என்று மாணவர்களுக்கு முப்பது வருஷம் பாடம் நடத்தியவன் நான்.

ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி வத்தலக்குண்டு தாண்டி மலை தொடங்கியதும் அவள் ஜன்னலோரம் மாறி உட்கார்ந்தாள். டம்டம் பாறையில் பஸ் நின்றபோது எதிரே தலையாற்று அருவி வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. "எலிவால்னு சொல்றாங்களே, இதுவா?" என்று கேட்டுவிட்டு, "வால்னா இவ்வளவு சுத்தமாவா இருக்கும்" என்றாள். ஊத்து தாண்டி, காப்பித் தோட்டங்களும் மலைவாழையும் விலகி, பழனி சாலை வந்து சேரும் முச்சந்திதான் பெருமாள்மலை. அங்கிருந்து கொடைக்கானல் இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்.

போதி ஜென்டோவை 1996இல் நிறுவியவர் அமா சாமி. அருள் மரிய ஆரோக்கியசாமி என்ற பெயரின் சுருக்கம் அது. 1936இல் பர்மாவில் பிறந்த தமிழர், சேசு சபைத் துறவி. ஜப்பானில் காமகுராவில் யமாதா கோவுன் என்ற குருவிடம் பயின்று, 1982இல் கற்பிக்கும் அனுமதி பெற்றவர். யமாதாவிடம் கத்தோலிக்கத் துறவிகள் பலர் பயின்றிருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னோடி ஹிரோஷிமா குண்டுவீச்சில் உயிர் பிழைத்த ஜெர்மானியச் சேசு சபைத் துறவி லசால். சேசு சபைக்கும் இந்த மலைக்கும் உறவு பழையது. செண்பகனூர்க் கல்லூரி 1895இல் ஏற்பட்டது. ஆக ஒரு தமிழர், ரோமாபுரிச் சபையின் வழியாக, காமகுராவில் கற்றதைப் பெருமாளின் பெயர் கொண்ட மலையில் வந்து வைத்தார். இதில் எது யாருடையது என்று பிரித்துப் பார்ப்பது வீண்வேலை.

ஆனால் நம்மவர்கள் அந்த வேலையை விடுவதில்லை. 2011இல் '7ஆம் அறிவு' படம் வந்த பிறகு, போதிதர்மர் காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர், எனவே ஜென் நம்முடையது என்பது டீக்கடை வரை வந்துவிட்டது. ஆறாம் நூற்றாண்டுச் சீனக் குறிப்பு ஒன்று அவரைப் பாரசீகத்தவர் என்கிறது. இன்னொன்று தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறது. காஞ்சி பின்னால் வந்து சேர்ந்தது. மறுபுறம், பழனியாண்டவர் சிலையைச் செய்த போகர் சீனத்துக்குப் போய்வந்தவர் என்று இங்கே ஒரு கதை. தியானம் என்ற சொல் பாலியில் ஜான ஆகி, சீனத்தில் சான் ஆகி, ஜப்பானில் ஜென் ஆனது என்பது மட்டும் நிச்சயம். நாற்று நம் வயலிலிருந்து போயிருக்கலாம். அதற்காக, ஆயிரத்து ஐந்நூறு வருஷம் வேறு வயலில் வேறு ஆட்கள் களையெடுத்துத் தண்ணீர் பாய்ச்சிய விளைச்சலை நம்முடையது என்பது என்ன நியாயம்? உழைத்தவனை விட்டுவிட்டு உரிமை கொண்டாடுவது. இந்த வாதத்தை 1998ஆம் வருஷக் கட்டுரையிலேயே, படம் வருவதற்கு முன்பே, நான் எழுதியிருந்தேன். என் வீட்டுக்கு அது பொருந்தும் என்று அப்போது தோன்றவில்லை.

ஜென்டோவில் ஒரு நாளின் அமைப்பு எளியது. அதிகாலை மணி. மரத்தளம் போட்ட கூடத்தில் உருண்டை மெத்தை மீது, சுவரைப் பார்த்து, இருபத்தைந்து நிமிஷம் உட்காருதல். பிறகு மெதுவாக நடத்தல். மறுபடி உட்காருதல். காலைக்குப் பின் 'சாமு' என்று பெயர் சொல்லப்படும் வேலைநேரம். வந்தவர்கள் எல்லோரும் ஏதாவது வேலை செய்யவேண்டும். பெருக்குவது, பாத்திரம் தேய்ப்பது, தோட்டத்தில் சருகு பொறுக்குவது. வெளியே கல்லும் மணலும் நீரும் கொண்ட ஜப்பானியத் தோட்டம். மேகம் விலகினால் பெருமாள் சிகரம்.

எங்களுக்கு வேலை பிரிக்கப்பட்டது. எனக்குச் சமையற்கட்டில் காய் நறுக்குவது. அவளுக்குத் தோட்டம்.

யாரோ தெரியாமல் மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், என்னைப் பார்த்தாள். பேசக்கூடாத நேரம். நான் கத்தியை எடுத்தேன். கேரட், பீன்ஸ், சௌசௌ. சௌசௌவைத் தோல் சீவினால் கையில் ஒரு பசை ஒட்டிக்கொண்டு விரல் மரத்துப்போகும் என்பது அறுபத்து நான்கு வயதில் எனக்குப் புதிய செய்தி. வாழ்நாள் முழுவதும் சௌசௌக் கூட்டு சாப்பிட்டிருக்கிறேன். மூன்றாம் நாள் இடது ஆள்காட்டி விரலில் வெட்டுப்பட்டது. ஜன்னல் வழியாக அவள் தெரிந்தாள். விளக்குமாற்றை மரத்தில் சாய்த்துவிட்டுக் கற்களுக்கு இடையில் சும்மா நின்றுகொண்டிருந்தாள். அவளை அப்படிச் சும்மா நின்று நான் பார்த்ததில்லை.

ஜப்பானிய உணவு சாப்பிடலாம் என்று ஆசைப்பட்டுப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். நாங்கள் இருந்த நாட்களில் அங்கே கிடைத்தது நம்மூர்ச் சைவச் சாப்பாடு. ஜப்பான் இருந்தது உண்ணும் முறையில். பேச்சில்லை. எடுத்துக்கொண்டதை மிச்சம் வைப்பதில்லை. அவரவர் தட்டை அவரவர் கழுவ வேண்டும். எட்டு நாளில் நான் கழுவிய தட்டுகளின் எண்ணிக்கை அதற்கு முந்தைய முப்பத்தெட்டு வருஷ எண்ணிக்கையைத் தாண்டியது.

ஜப்பானியச் சமையல் எங்களுக்கு வந்து சேர்ந்தது ஒரு மனிதர் மூலம். எங்களோடு தங்கியிருந்தவர்களில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு ஜப்பானிய அம்மாள் இருந்தார். கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். என் மனைவிக்கும் கொஞ்சம் தெரியும். இரண்டும் வேறு வேறு கொஞ்சம். ஒருநாள் மத்தியானம் ஊறுகாய் பற்றி இருவரும் பேசிக்கொண்டதற்கு நான் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். முள்ளங்கியை வாட வாட வெயிலில் காயவைத்து, உப்பும் தவிடும் கலந்து அடுக்கிப் பாரம் வைத்து மாதக்கணக்கில் புதைத்து எடுப்பது 'தகுவான்'. பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த தகுவான் என்ற ஜென் துறவியின் பெயரால் வழங்குவது. தவிட்டில் என்றதும் என் மனைவி, "மாட்டுக்குப் போடற தவிடா?" என்று கேட்டாள். அதே தவிடுதான். அதையே ஈரப்படுத்தித் தொட்டியில் வைத்து, கத்திரிக்காயும் வெள்ளரியும் புதைத்து எடுப்பதும் உண்டு. அந்தத் தவிட்டைத் தினமும் கையால் அடிவரை கிளறிவிட வேண்டும். ஒருநாள் விட்டாலும் கெட்டு நாற்றமடிக்கும். சில வீடுகளில் மாமியாரிடமிருந்து மருமகளுக்கு அந்தத் தொட்டி வரும் என்றார் அந்த அம்மாள். "அப்ப ஊருக்குப் போக முடியாது" என்றாள் என் மனைவி. நான் மொழிபெயர்த்தேன். அந்த அம்மாள் வாய்மேல் கைவைத்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தார்.

ஜென் மடங்களில் காலை உணவு கஞ்சி. தொட்டுக்கொள்ள உப்பில் ஊறிய புளிப்புக்காய், ஒரு துண்டு தகுவான். கடைசித் துண்டை மிச்சம் வைத்து, கிண்ணத்தில் வெந்நீர் விட்டு, அந்தத் துண்டாலேயே சுற்றித் துடைத்து, அந்த நீரையும் குடித்துவிடுவார்கள். நான் இதில் பரவசப்பட்டேன். அவள் படவில்லை. அவர்கள் வீட்டில் அரிசி களைந்த தண்ணீரில் வெண்டைக்காய் மண்டி வைப்பார்கள். பீர்க்கங்காய்த் தோலில் துவையல். வாழைக்காய்த் தோலில் பொரியல். "அவங்க இதை அழகுங்கறாங்க. எங்க அம்மா கஷ்டம்னு சொல்லும்" என்றாள்.

அந்த அம்மாள் காரத்துக்கு 'கராய்' என்றார். என் மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டென்று சுசுமு ஓனோ பல்லாண்டுகள் வாதாடியதையும், நம் பொங்கலோ பொங்கலை ஜப்பானியச் சிறு புத்தாண்டின் கூவலோடு அவர் ஒப்பிட்டதையும் நான் அங்கேயே சொற்பொழிவாற்றத் தொடங்கினேன். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சேர்த்துக்கொண்டேன். நான் முடிப்பதற்குள் இருவரும் எழுந்து போய்விட்டிருந்தார்கள்.

ஆனால் அந்தச் சொல்லிலிருந்து எனக்கு வேறொரு பெயர் ஞாபகம் வந்தது: நொபொரு கராஷிமா. நம் சோழர் காலக் கல்வெட்டுகளை எண்ணிக் கணக்கிட்டுப் படித்த வரலாற்றாசிரியர்; 1960களில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்; 1995இல் தஞ்சாவூரில் நடந்த எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டைத் தலைமையேற்று நடத்தியவர்; 2015இல் மறைந்தார். அவர் பெயரில் உள்ள முதல் எழுத்து காரத்தைக் குறிப்பதுதான். அவரும் அவர் மனைவி தகாகோவும் சேர்ந்து கறி பற்றி ஜப்பானிய மொழியில் ஒரு நூல் எழுதியிருக்கிறார்கள். 1998இல் வந்தது. எனக்கு அந்த மொழி தெரியாது, நூலைப் படித்ததில்லை. என்னை நிறுத்தியது அட்டையில் உள்ள இரண்டு பெயர்கள். ஜப்பானிலிருந்து ஒரு தம்பதி வந்து நம் சமையலைக் கண்டுகொண்டதற்கு இரண்டு பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அதே 1998இல் ஜப்பானைக் கண்டுகொண்டதாக நான் எழுதிய கட்டுரையில் ஒரு பெயர்தான் இருந்தது.

ஜென்டோ நூலகத்தில் தோகென் எழுதிய 'தென்சோ க்யோகுன்' ஆங்கிலத்தில் இருந்தது. 1237இல் எழுதப்பட்டது, மடத்தின் சமையல் அதிகாரிக்கான அறிவுரைகள். தென்சோ என்பது அந்தப் பதவியின் பெயர். மடத்தின் ஆறு பெரிய பொறுப்புகளில் அது ஒன்று. மனம் முதிர்ந்தவர்களுக்கே தரப்படுவது. இளம் தோகென் 1223இல் சீனா போனபோது அங்கே ஒரு மடத்தில் அறுபத்தெட்டு வயதுத் தென்சோ ஒருவர் கொளுத்தும் வெயிலில், தலையில் தொப்பிகூட இல்லாமல், வளைந்த முதுகோடு காளான் உலர்த்திக்கொண்டிருப்பதைப் பார்க்கிறார். வேறு யாரையாவது செய்யச் சொல்லலாமே என்கிறார். அவர்கள் நானல்லவே என்கிறார் கிழவர். வெயில் தாழ்ந்தபின் செய்யலாமே என்றால், பின் எப்போது செய்வது என்கிறார்.

அதே நூலில் இன்னொரு கதை. சமையல் பொறுப்பில் இருந்த ஒரு சீடன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறான். குரு வந்து, கல்லிலிருந்து அரிசியைப் பிரிக்கிறாயா, அரிசியிலிருந்து கல்லைப் பிரிக்கிறாயா என்று கேட்கிறார். இரண்டையும் ஒருசேர விலக்குகிறேன் என்கிறான் சீடன். அப்படியானால் மடத்தில் இருப்பவர்கள் எதைச் சாப்பிடுவார்கள் என்கிறார் குரு. சீடன் பாத்திரத்தைக் கவிழ்த்துவிடுகிறான்.

நான் இந்தக் கதையில் மயங்கிப்போனேன். இருமை, இருமையின் அழிவு, கடைசியில் அந்த அழிவுக்கும் அழிவு. எட்டாம் நாள் விடைபெற்றுக் கொடைக்கானல் போகும் பஸ்ஸில் அவளிடம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "மடத்துல எத்தனை பேர்?" என்றாள்.

"அது கதையில் இல்லை."

"கேட்டவர் பக்கம்தாங்க நியாயம். எத்தனை பேர் சாப்பிடணும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. கவிழ்த்தவன் அரிசி வாங்கினவன் இல்ல."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. ஜப்பானிய அம்மாளும் எங்களோடு வந்திருந்தார். நாங்கள் எடுத்திருந்த வாடகை வீட்டில் சின்னச் சமையலறை இருந்தது. முள்ளங்கி, கேரட், சேப்பங்கிழங்கு வாங்கினோம். ஒரு கடையில் சோயாப் பாலில் செய்த டோஃபுவும் கிடைத்தது. அவர் தம் பையிலிருந்து காய்ந்த கடற்பாசித் துண்டும் காய்ந்த காளானும் சோயா சாஸும் எடுத்தார். காமகுராவில் 1253இல் எழுந்த கென்ச்சோ மடத்தின் பெயரால் வழங்கும் கென்ச்சின் என்ற சாறு அது. கீழே விழுந்து உடைந்த டோஃபுவை எறியாமல் கழுவிச் சாற்றில் போட்டார் அந்த மடத்தின் முதல் தலைவர் என்று கதை. காய்களைத் தோலோடு நறுக்கி, நல்லெண்ணெயில் வதக்கி, கடற்பாசியும் காளானும் ஊறிய நீரை விட்டுக் கொதிக்க வைத்து, டோஃபுவைக் கையால் பிய்த்துப் போட வேண்டும். பூண்டு, வெங்காயம் கூடாது. மடத்துச் சமையலில் அவை விலக்கு. மலைப்பூண்டு விளையும் ஊரில், பூண்டுக் குழம்பில் வளர்ந்த ஒருத்தியிடம் இதைச் சொல்ல நான் கூசினேன். அவள் தலையாட்டிக்கொண்டாள். நான் தான் நறுக்கினேன். இரண்டு பெண்களும் நாற்காலியில் உட்கார்ந்து, நான் நறுக்குவது தப்பு என்று இரண்டு மொழிகளில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சாறு மெல்லிய வாசனையோடு, ஏறக்குறைய ருசியில்லாதது போல் இருந்தது. பாதிக் கிண்ணத்துக்கு மேல் ஒரு ருசி வந்தது. முள்ளங்கி முள்ளங்கியாகவே இருந்தது. அவள் இரண்டாவது தடவை வாங்கிக்கொண்டாள். அந்த அம்மாள் போனபின், "நல்லாத்தான் இருந்துச்சு. கொஞ்சம் பூண்டு தட்டிப் போட்டிருக்கலாம்" என்றாள்.

அன்று சாயங்காலம் குறிஞ்சி பார்க்க நடந்தோம். ஊதாச் சரிவு. பன்னிரண்டு வருஷம் இலையாகவே நின்று, ஒரு தடவை பூத்து, விதைத்துவிட்டுச் சாகும் செடி. ஹைக்கூவில் பருவச் சொல் வரவேண்டும். பருவச் சொற்களுக்கு அங்கே அகராதிகளே உண்டு. ஒரு வருஷத்துக்குள் அடங்காத இந்தப் பூவை அந்த அகராதி எங்கே வைக்கும் என்று அவளிடம் கேட்டேன். பிறகு அந்த மலைக்காற்றில் எனக்கு ஒரு நெகிழ்ச்சி வந்தது. தோகென் சொன்ன தென்சோ நீதான் என்றேன். நாங்கள் மாடியில் பேசிக்கொண்டிருந்ததை நீ கீழே செய்துகொண்டிருந்தாய். உன் சமையலே தியானம். முப்பத்தெட்டு வருஷம் நான் அதைக் கவனிக்கவில்லை என்றேன். மன்னிப்புக் கேட்கிற தொனியில்தான் சொன்னேன். அவள் மகிழ்வாள் என்று எதிர்பார்த்தேன் என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

அவள் நின்றுவிட்டாள். "அதெல்லாம் வேணாங்க" என்றாள். "நான் ஒண்ணும் தியானம் பண்ணல. வேற ஆள் இல்ல, செஞ்சேன். அந்தக் கிழவருக்கு அது பதவி. கேட்டு வாங்கினது. வேணாம்னா வேற வேலை கேட்டிருப்பாரு. என்னை யாரும் கேக்கல."

கொஞ்ச நேரம் கழித்து அவளே பேசினாள். "எட்டு நாள் உட்கார்ந்தேன்ல. பாதி நேரம் தூங்கிட்டேன். என்ன தெரிஞ்சுதுன்னு நீங்க கேப்பீங்கன்னு பயந்துகிட்டே இருந்தேன். ஒண்ணும் தெரியல. இருபத்தஞ்சு நிமிஷம் யாரும் என்னைக் கூப்பிடல. அதான்."

பிறகு, வேறு எதையோ சொல்வது போல: "நீங்க முதல் தடவை வந்தீங்களே, பத்து நாள். அப்பதான் அத்தைக்கு முதுகில புண் வந்துச்சு. தனியாப் புரட்டிப்போட முடியல."

அது எனக்குத் தெரியாது. 1998இல் என் தாயார் படுக்கையில் இருந்தார். நான் திரும்பி வந்தபோது புண் இருந்தது தெரியும். எப்போது வந்தது என்று கேட்கவில்லை. அந்த வாரம் முழுவதும் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். சூன்யம் பற்றி. காலியாக விட்ட இடம் பற்றி. நான் காலியாக விட்டுவந்த இடத்தில் ஒருத்தி தனியாக ஒரு கனத்த உடம்பைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

இதைப் படிக்கும் நண்பர்கள் நான் ஜென்னைக் குறை சொல்வதாக எண்ண வேண்டாம். அங்கே எனக்குக் கத்தியைக் கொடுத்து அவளைத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். குறையெல்லாம் நாம் அதிலிருந்து எதை எடுத்துக்கொண்டோம் என்பதில். எளிமை என்பது ஒரு வேலை. யாராவது பெருக்கினால்தான் மணல் தோட்டம் காலியாக இருக்கும். நாம் பெருக்கிய இடத்தை எடுத்துக்கொண்டு விளக்குமாற்றை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். அது நம் வீட்டில் ஏற்கெனவே யார் கையில் இருந்ததோ அவர் கையிலேயே இருந்தது. நம் இலக்கணமும் அப்படித்தான். திணையின் கருப்பொருளில் தெய்வம் உண்டு, உணவு உண்டு, பறை உண்டு, சமைத்தவர் இல்லை. குறுந்தொகை 167இல் கூடலூர் கிழார் அவளைக் கொண்டுவந்தார்: தயிர் பிசைந்த விரலோடு, புகை படிந்த கண்ணோடு. கணவன் இனிது என்று சாப்பிடுகிறான், அவள் முகம் மலர்கிறது. இந்தப் பாட்டை நான் ஒரு நூறு தடவை வகுப்பில் சிலாகித்திருப்பேன். குறிஞ்சிச் சரிவில் நான் சொன்னதும் அந்த 'இனிது'தான். அவள் முகம் மலரவில்லை. இரண்டாயிரம் வருஷமாக அந்த ஒரு சொல்லைக் கூலியாகக் கொடுத்துவந்த ஏற்பாட்டை அவள் ஏற்கவில்லை என்று நான் புரிந்துகொண்டேன்.

மதுரை திரும்பியபின் மாலை ஆறு மணிக்கு அவள் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். தியானம் செய்கிறாளா என்று நான் கேட்பதில்லை. இரவுச் சமையல் என்னுடையது. பெரும்பாலும் கஞ்சி, ஒரு துவையல். கை வந்த நாட்களில் கென்ச்சின், பூண்டு தட்டிப் போட்டது. முதல் வாரம் ஒருநாள் உப்பு எங்கே என்று குரல் கொடுத்தேன். உள்ளிருந்து பதில் வரவில்லை. தேடினேன். அடுப்புக்குப் பக்கத்தில், கைக்கு எட்டும் இடத்தில்தான் இருந்தது.

ஊரிலிருந்து வந்த அரிசியை ஒருநாள் நானே களைந்து சோறு வடித்தேன். முறத்தில் போட்டுக் கல் பொறுக்கும்போது குருவின் கேள்வி ஞாபகம் வந்து, எதிலிருந்து எதைப் பிரிக்கிறேன் என்று யோசித்துக்கொண்டிருந்துவிட்டேன். சாப்பிடும்போது அவள் வாயில் நறுக்கென்று சத்தம் கேட்டது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. கல்லை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு மேலே சாப்பிட்டாள்.